மாமியாரின் கண்ணாடி மலையேறிய கதை

என் மடியில் மாமியாரின் கண்ணாடி இருந்தது. அது என் மடியில் இருப்பது மாமியாருக்குத் தெரியாது.

உப்பு லாரியின் முன் சீட். வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதர் பாய். இடப்பக்கம் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. (எழுத்தில்தான் பெயர் சொல்கிறேன். நேரில் இன்றுவரை சொன்னதில்லை.) நடுவில் நான், கல்யாணமாகி நாலு மாதம் ஆனவள், பழைய புடவையில் சுற்றிய ஒரு முழ உயரக் கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தார் ரோடு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கப்புறம் செம்மண் ரோடு, அதற்கப்புறம் மாட்டு வண்டித் தடம், அதற்கப்புறம் காதர் பாய் மனசில் மட்டும் இருந்த ஏதோ ஒரு பாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாங்கள் மூன்று பேரும் சீட்டை விட்டு எழும்பி உட்கார்ந்தோம். எழும்பும்போதெல்லாம் நான் கண்ணாடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"பாத்தும்மா தங்கச்சி. அது உடைஞ்சா மரியம்மாக்கா லாரியோட என்னையும் சேத்துக் கடல்ல தள்ளிடும்" என்றார் காதர் பாய்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதற்குச் சிரித்தாய் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இருபது வயது, மார்கழிக் காலை, ஜன்னலில் குளிர் காற்று. திருடிக்கொண்டு வந்த கண்ணாடி வேறு.

மேகத்து ஊர்க்காரி

போன வாரம், உப்பள வீட்டு மாப்பிள்ளைக்கு என் பிறந்த வீட்டார் உப்பில்லாத சாம்பார் பரிமாறிய கல்யாணக் கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அப்புறம் மாமியார் வீட்டில் உன்னை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று என் தங்கை மகள் கேட்டாள். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரு மலை வந்து கெடுத்தது.

நான் பிறந்தது திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலையடிவாரக் கிராமம். அந்த மலைக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. மலை என்றால் அதுதான். எங்கள் ஊரில் எதற்கும் கல்தான். உட்காரக் கல், துவைக்கக் கல், நாயை விரட்டக் கல்.

மரக்காணத்துக்கு வாழ வந்தபோது என்னைத் திகைக்க வைத்தது கடல் அல்ல, கல் இல்லாததுதான். கண்ணுக்கு எட்டின வரை பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. முதல் வாரம் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாயை அடிக்கக் கீழே குனிந்தேன். கையில் உப்புதான் வந்தது. அதையே எறிந்தேன். நாய் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று.

மார்கழி பிறந்து மழை ஓய்ந்த ஒரு விடிகாலை. பாத்தியில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால், மேற்கே வானத்தின் அடியில் நீலமாக ஒரு மேடு தெரிந்தது. நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் கொம்பு. எனக்குத் தெரியாதா அது?

"அத்த! அதோ பாருங்க, எங்க ஊரு மலை!"

மாமியார் மரியம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "மேகம்டி அது."

"இல்ல அத்த, மலை. எங்க கொல்லையில நின்னு பாத்தா இப்பிடியேதான் இருக்கும்."

"நாப்பது வருஷமா இந்த உப்புல நிக்கிறேன். மலை எது மேகம் எதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பஸ்ஸு மாறிப் போற ஊரு மலை இங்க எப்பிட்றி தெரியும்?"

பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வெயில் ஏற ஏற அந்த நீலம் மங்கி, பத்து மணிக்கெல்லாம் காணாமலே போயிற்று.

"கரைஞ்சிடுச்சா? இன்னா மலைடி அது, கரையற மலை?" என்றார் மாமியார். உப்பளமே சிரித்தது.

அன்று சாயங்காலமே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. மேகத்து ஊர்க்காரி. பால் பொங்குகிறது என்று சொன்னால், "எங்க, மேகத்துலயா?" கிணற்றுக் கயிறு நைந்துவிட்டது என்று இரண்டு நாள் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் வாளி கிணற்றுக்குள் போயிற்று. கேலிக்கு நானும் கூடச் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. வாழ வந்த வீட்டில் நாம் சொல்கிற சொல்லுக்கு மதிப்பு இல்லை என்றால் வேறு எது இருந்து என்ன?

சவரிமுத்துதான் வழி சொன்னார். காதர் பாயின் லாரி உப்பளத்துக்கு வரும்போது, தொலைவில் ரோடு திரும்புகிற இடத்திலேயே அதன் பக்கக் கண்ணாடி பளிச்சென்று மின்னும். ஆட்கள் அதைப் பார்த்துத்தான் மூட்டை கட்ட ஆரம்பிப்பார்கள்.

"அதே மாதிரி அந்த மலை உச்சியில நின்னு கண்ணாடி காட்டுவோம். இங்க மின்னுச்சுன்னா அது மலைதானே?" என்று அம்மாவைக் கேட்டார்.

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஞாயித்துக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கச்சொல்ல, உப்பு அம்பாரத்து மேல ஏறி நிக்கிறேன். மின்னுச்சுன்னா மலை. மின்னலைன்னா மேகம். அப்புறம் இவ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

முறமும் கண்ணாடியும்

லாரிக் கண்ணாடியைக் கழற்றித் தருவதாக காதர் பாய் சொல்லியிருந்தார். கிளம்புகிறதுக்கு இரண்டு நாள் முன்னால், சந்தையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்ததில் கொம்பு பட்டு அது போய்விட்டது.

வீட்டில் இருந்தது ஒரே கண்ணாடி. காலஞ்சென்ற என் மாமனார், பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்து வந்தது. மாமியார் அதற்குப் பூப்போட்ட துணி ஒன்றைத் திரை மாதிரி போட்டு வைத்திருப்பார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம் என்றால்தான் துணி விலகும். மற்ற நாளில் நான் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாமியார் உப்பளத்தில் இருந்த நேரத்தில், சவரிமுத்து கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினார். துணி வெறுமனே தொங்கிக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று அதே ஆணியில் ஒரு முறத்தை மாட்டி, மேலே துணியைப் போட்டார். தள்ளி நின்று பார்த்தோம். கண்ணாடி இருக்கிற மாதிரியேதான் இருந்தது.

அன்றே செஞ்சியில் உப்பை இறக்கிவிட்டு, காதர் பாயின் அக்கா வீட்டில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம்.

"பூசை பாக்காம மலையேறப் போறோமே" என்றேன்.

"மேல போனா சாமிக்குக் கிட்டத்துலதான இருப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

இதில் இன்னொரு திருட்டுத்தனமும் இருந்தது. என் அப்பாவுக்குச் சொல்லவில்லை. தலைப்பொங்கலுக்குச் சீரோடு அழைக்க வேண்டிய மாப்பிள்ளையும் பெண்ணும் பொங்கலுக்கு முந்தின வாரமே முள்ளுக்குள் நுழைந்து மலையேறுகிறார்கள் என்றால் அவர் விடுவாரா? எங்கள் ஊர் இருப்பது மலைக்குக் கிழக்கே. அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, ஆள் ஏற முடியாது. ஆகவே நாங்கள் போனது மேற்கே, ஊருக்கு முதுகு காட்டுகிற பக்கம். அப்பா எப்போதும் கிழக்கே ஊரடியில்தான் ஆடு மேய்ப்பார். அந்த தைரியத்தில் போனேன்.

இதோ உச்சி

ஒரு காட்டு ஓடையில் லாரி நின்றது. அதற்கு மேல் போனால் லாரியைத் தோளில்தான் தூக்க வேண்டும்.

"பாய், நீங்க இங்கயே இருங்க" என்றோம்.

"நல்லா இருக்குதே! டைம் பாக்க வாட்ச் யார்கிட்ட இருக்குது?" என்று கதவைச் சாத்திவிட்டு அவரும் இறங்கினார்.

அந்த மலையில் பாதை கிடையாது. முள் மட்டும்தான். காரை முள், சூரை முள், கள்ளி, இடையில் ஆள் உயரத்துக்குப் புல். முன்னால் காதர் பாய் கொடுவாளால் வெட்டிக்கொண்டு போக, நடுவில் நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, கடைசியில் சவரிமுத்து. பாண்டிச்சேரியில் தைத்த புது பெல்பாட்டம் போட்டு வந்திருந்தார். மலையேறுகிறோம், ஒரு மரியாதை வேண்டாமா என்றார். ஒவ்வொரு புதரும் அந்தப் பேண்ட்டின் காலைப் பிடித்து இழுத்து விசாரித்தது. பாதி மலையில் அதை முழங்காலுக்குச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார்.

அவர் கையில் ஒரு பை உப்பு வேறு. லாரித் தரையில் சிந்திக் கிடந்ததை வழித்து எடுத்தது. உப்பளத்தில், இன்று என் முறை இந்தப் பாத்தி வரை முடிந்தது என்று காட்ட, வரப்பு முனையில் ஒரு கைப்பிடி உப்பு வைத்துவிட்டு வருவது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில், திரும்பி வரத் தடம் வேண்டுமே என்று பத்தடிக்கு ஒரு பாறையில் உப்பு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் முன்னால் போனதால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். மலையடிவாரத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் கத்தியிருக்கும்.

"இதோ உச்சி!" என்று சவரிமுத்து கத்தினார். ஓடி ஏறினோம். ஏறி நின்றால் முன்னால் இன்னொரு மேடு.

"அதான் உச்சி" என்றார். அதையும் ஏறினோம். அதற்குப் பின்னால் மூன்றாவது ஒன்று நின்றது.

உப்பளத்துக்காரருக்கு இது புரியவே இல்லை. அவர் ஊரில் கண்ணுக்குத் தெரிவதுதான் இருக்கிறது, இருப்பதெல்லாம் தெரிகிறது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பதை அவர் ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

"இன்னாடி உங்க மலை இவ்ளோ பொய் சொல்லுது?"

"எங்க மலைய எதுவும் சொல்லாதீங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து என் கொண்டையை ஒரு சூரை முள் பிடித்துக்கொண்டது. காதர் பாய் வந்து வெட்டிவிட்டார், முள்ளையும் கொஞ்சம் முடியையும்.

நாலாவது மேட்டில் ஏறினபோது அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வானம்தான் இருந்தது.

உச்சி என்பது கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது எருமை முதுகு மாதிரி நீளமாகக் கிடந்தது. கீழேயிருந்து கொம்பாகத் தெரிந்தது அதன் இரண்டு முனைகள்தான். கிழக்கு ஓரத்துக்கு ஓடினேன். கீழே எங்கள் ஊர், கோயில் கூரை, ஏரி. அதற்கப்பால் வயல், பனை, வயல், பனை. எல்லாம் முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மங்கின நீலம்.

"உப்பு! அது நம்ம உப்பு! எங்கம்மா அங்கதான் நிக்குது!" என்று சவரிமுத்து குதித்தார். நானும் குதித்தேன். காதர் பாய் எங்களைவிட உயரமாகக் குதித்தார். எதற்காக அவ்வளவு சந்தோஷம்? தெரியாது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மணி பதினொன்றே முக்கால்.

கண்ணாடியைப் புடவையிலிருந்து பிரித்து ஒரு பாறையில் சாய்த்து வைத்தோம். இன்னும் கால் மணி நேரம். அதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம்.

பின்னால் வந்தவர்கள்

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. கழுத்து மணி.

நாங்கள் ஏறி வந்த வழியில், புதருக்குள்ளிருந்து ஒரு ஆட்டுத் தலை எட்டிப் பார்த்தது. அதன் மூக்கு நுனியில் உப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. சவரிமுத்து வைத்துக்கொண்டு வந்த உப்பையெல்லாம் ஒரு பாறை விடாமல் நக்கிக்கொண்டே மந்தை முழுக்க உச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"உப்பா வச்சீங்க? மலையிலயா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மந்தையின் கடா முன்னால் வந்தது. பாறையில் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தது. அதற்குள் ஒரு கடா நின்று இதைப் பார்த்தது. இது ஒரு அடி பின்னால் போயிற்று. அதுவும் ஒரு அடி பின்னால் போயிற்று. அவ்வளவுதான், ரோஷம் வந்துவிட்டது.

டமார்!

நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியிடம் ஓடினோம். கீழே புதருக்குள்ளிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"எவன்டா அது! உப்பு வச்சி என் ஆட்டை இழுத்துகினு போற திருட்டு நாயி! கால ஒடிச்சி கையில குடுக்கறேன் பார்ரா!"

அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். கிழக்கே நெல் அறுப்பு முடியவில்லை என்று அப்பா ஆட்டை மேற்கே ஓட்டியிருக்கிறார். எங்கள் பக்கம் ஆடு திருடுகிறவர்கள் உப்பு காட்டித்தான் மந்தையைப் பிரிப்பார்கள்.

ஓங்கின தடியோடு அப்பா புதரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார். முன்னால் நின்றது முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டி, கையில் உப்புப் பையோடு, அப்போது அவருக்கிருந்த ஒரே மாப்பிள்ளை.

தடி ஒரு நிமிஷம் ஆகாயத்திலேயே நின்றது. அப்புறம் மெல்லக் கீழே இறங்கி, அவர் முதுகையே சொறிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க மாப்ள. வீட்ல எல்லாம் சௌக்கியங்களா?"

"சௌக்கியம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

காதர் பாய் ஒரு பாறைக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு நாலு துண்டு, மற்றதெல்லாம் பொடி. மாமியாருடைய கண்ணாடியும் போயிற்று, என் மலையும் போயிற்று. ஆயுசுக்கும் நான் மேகத்து ஊர்க்காரிதான். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மலையை மேகம் என்று சொன்ன இடம் வந்ததும் முகம் மாறியது.

"எம் மலையவா? மேகம்னா சொன்னாங்க சம்பந்தியம்மா?"

"ஆமாப்பா."

"மணி இன்னாங்க பாய்?"

"அஞ்சு நிமிஷம் இருக்குது."

"ஆளுக்கொரு துண்டு எடுங்க. ஒரே எடத்துல நிக்காதீங்க, தள்ளித் தள்ளி நில்லுங்க. ஒருத்தருது தப்பினாலும் ஒருத்தருது போய்ச் சேரும். ஏந்திர்றி, அழுவுறா!"

எருமை முதுகின் ஒரு முனையில் அப்பா. நான் அடுத்து, அப்புறம் சவரிமுத்து, மறு முனையில் காதர் பாய். ஒருவரை ஒருவர் கூப்பிட்டால்தான் கேட்கும் தூரம். முதலில் வெளிச்சத்தைக் கீழே ஒரு மரத்தில் விழ வைத்து, அங்கிருந்து மெதுவாக அந்த வெள்ளைக் கோட்டுக்கு ஏற்றுங்கள் என்று காதர் பாய் கத்தினார். வெளிச்சம் மரத்தில் துள்ளியது, ஏரியில் துள்ளியது, அப்புறம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"டைம்!" என்று காதர் பாய் கூவினார்.

மரக்காணத்துக் கோயில் மணி எங்களுக்கு எப்படிக் கேட்கும்? ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டோம். நாலு பேரும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தோம். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. தோளில் கிடந்த துண்டை வீசி, தடியை வீசி, கண்ணாடித் துண்டோடு ஒரு ஆட்டமே ஆடினார்.

"சம்பந்தியம்மோவ்! இது மலை! மலைங்க! நல்லாப் பாத்துக்கோங்க!"

ஆடுகள் அவரைப் பார்த்து மிரண்டு ஒதுங்கின. நான் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தேன்.

அரை மணி நேரம் காட்டினோம். யாராவது பார்த்தார்களா என்று சொல்ல அந்த மலையில் ஒருவரும் இல்லை. திரும்பும்போது தடம் தேடினால் ஒரு பாறையிலும் ஒரு கல் உப்பு மிச்சமில்லை. ஆடுகள்தான் எங்களை இறக்கிக் கொண்டுவந்து விட்டன.

எத்தனை துண்டு?

அன்று அப்பா வீட்டில் கோழி அடித்தார்கள். மறுநாள் லாரியில் வரும் வழி முழுக்க ஒரு பொய்யைச் சீவிச் சிங்காரித்தோம். கண்ணாடியை என் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை, பொங்கல் கழித்துத் திருப்பித் தருவார்கள். சவரிமுத்து சொல்ல வேண்டும், நான் தலையாட்ட வேண்டும், காதர் பாய் சாட்சி.

மாமியார் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எம்மா, இந்தக் கண்ணாடி..." என்று சவரிமுத்து ஆரம்பித்தார்.

"எத்தினி துண்டு ஆச்சு?"

காதர் பாய் மெதுவாக லாரிப் பக்கம் பின்வாங்கினார்.

"எதும்மா?"

"என் கண்ணாடி. அம்பாரத்து மேல நின்னேன். மணி அடிச்சி ஓயறதுக்குள்ள ஒண்ணு மின்னுச்சு. சரின்னு பாத்தா பக்கத்துல இன்னொண்ணு. அப்புறம் மூணு, நாலு. மலையில நாலு எடத்துல மின்னுதுன்னா இன்னா நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணாடி, பொய், பயம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"அத்த! மலையிலன்னு சொன்னீங்க!"

"நான் எங்கடி சொன்னேன்?"

"சொன்னீங்க! இப்பதான் சொன்னீங்க! மலையிலன்னு!" நான் வாசலில் நின்று குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எல்லாரும் கேட்டீங்களா, அத்த மலைன்னு சொல்லிட்டாங்க!"

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மீனைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"அந்தக் கடைசித் துண்டு யாரு கையில இருந்துது? நிக்காம ஆடிகினே இருந்துதே."

"எங்கப்பா, அத்த."

"சம்பந்தியா!" கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "யாருன்னு தெரியல, மனுஷன் அம்மாந்தூரத்துல நின்னு அப்பிடிக் கூப்புடறாரு, பதில் காட்டலைன்னா மரியாதையான்னு அம்பாரத்துலேர்ந்து வூட்டுக்கு ஓடியாந்தேன். துணிய விலக்கினா முறம் தொங்குது. முறத்த வச்சிகினு இன்னாத்தடி நான் பதில் காட்டறது?"